45 வயசுல கோச் எதுக்குக்கா?

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு இந்தச் சுட்டியை அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அக்கா, இருபது வருஷ சர்வீஸ். கம்பெனியில ஆள் குறைக்கிறாங்க. லிங்க்ட்இன்ல ஒருத்தர் கேரியர் கோச்சிங் தர்றேன்னு சொல்றாரு. அம்பதாயிரம் கேக்குறாரு. கட்டலாமா?" சிலர் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்பார்கள். இன்னும் சிலர் எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டு, "இதெல்லாம் ஃப்ராடுதானே?" என்று தலையாட்டச் சொல்வார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் மரக்காணத்துக்காரி. சென்னையைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் மனிதவளத் துறையில் நெடுங்காலம் இருந்தேன். ஆள் எடுத்திருக்கிறேன், ஆளை வீட்டுக்கு அனுப்பும் கடிதங்களையும் கொடுத்திருக்கிறேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் உப்பளம் தெரியும். சனிக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரி போகிற ஐ.டி. ஜனங்கள் காரை ஓரங்கட்டி உப்புக் குவியலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கார்களில் பாதியிலாவது இந்தக் கேள்வியும் உட்கார்ந்து பயணம் செய்கிறது என்பது என் அனுமானம்.

பதினேழு வயசுக்கு வழிகாட்ட நம்மிடம் ஊரே இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அத்தை, சித்தப்பா, டியூஷன் சார், எதிர்வீட்டு இன்ஜினீயர் என்று ஆளாளுக்கு ஆலோசனை சொல்வார்கள். அரசும் தன் பங்குக்கு 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது நல்ல திட்டம். நாற்பத்தைந்து வயசுக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? "ஏதாவது பிசினஸ் பண்ணுப்பா" என்று சொல்லும் மச்சான் ஒருவர் இருப்பார். அவ்வளவுதான்.

தொழில் வழிகாட்டுதல் என்கிற துறையே இளவட்டங்களை மனதில் வைத்துப் பிறந்ததுதான். 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃப்ராங்க் பார்சன்ஸ் என்பவர் அதற்கென ஓர் அலுவலகம் திறந்தார். முதலில் உன் திறமை, விருப்பம், குறைகளைத் தெரிந்துகொள். பிறகு வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள். பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவருடைய முறை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஆன்லைன் தேர்வு நடத்துகிறவர்கள் பாதிப்பேர் இதையே வேறு வண்ணத்தில் விற்கிறார்கள். ஒரு தடவை சரியாகப் பொருத்திவிட்டால் ரிட்டயர்மென்ட் வரைக்கும் வண்டி ஓடும் என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது. நம் அப்பாக்களில் பலருக்கு அப்படித்தான் ஓடியது.

நமக்கு ஓடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதைக் கைவிடுவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாகச் சொன்னது. அதிலும் முக்கியமாக நடுநிலை, மேல்நிலையில் இருப்பவர்களை. அந்த வாரம் என் போன் அடங்கவே இல்லை. அழைத்தவர்களில் டி.சி.எஸ்.காரர்களை விட மற்ற கம்பெனிக்காரர்கள்தான் அதிகம். அடுத்தது நாம்தான் என்ற பயம்.

இப்படி வெளியே வருகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு வெபினார் கிடைக்கும். 'உங்கள் பிராண்டை நீங்களே உருவாக்குங்கள்' என்று முப்பது வயசுப் பையன் ஒருவன் முந்நூறு பேருக்குச் சொல்வான். ஒரு ரெஸ்யூமே வார்ப்புரு கிடைக்கும். அதைப் போட்டு நிரப்பினால் முந்நூறு பேரும் ஒரே ஆள் போலத் தெரிவார்கள். ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ரெஸ்யூமேக்களைப் புரட்டியவள் சொல்கிறேன், பத்தாவது தாளுக்கு மேல் கண்ணில் எதுவும் ஏறாது.

என் கட்சி இதுதான். இருபத்திரண்டு வயசில் ஒரே கல்லூரியில் படித்த நாற்பது பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள். அவர்களுக்குப் பொதுவான புத்திமதி போதும். வகுப்பெடுத்தால் எல்லோருக்கும் பொருந்தும். அதே நாற்பது பேர் நாற்பத்தைந்து வயசில் நாற்பது திசையில் இருப்பார்கள். ஒருவர் கழித்த இருபது வருஷம் இன்னொருவருக்கு இல்லை. அனுபவம் கூடக்கூடப் பொதுப் புத்திமதியின் விலை குறைந்துகொண்டே வரும். அந்த வயசில் ஒரு ஆளை மட்டும் எதிரில் உட்கார வைத்து, அவர் கதையை மட்டும் கேட்டு, அவருக்கு மட்டும் சொல்லும் உதவிதான் உதவி. உண்மையான கோச்சிங் என்றால் அதுதான். கூட்டமாக உட்கார வைத்து நடத்துவதற்கு டியூஷன் என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் உப்பளத்து மேஸ்திரி ஒருவர் விஷயத்தில் நேரில் பார்த்தேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பேர் சொல்லும் ஊர்களுக்கு அடுத்து தமிழ்நாட்டில் எங்கள் மரக்காணத்தைத்தான் சொல்வார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். பக்கிங்காம் கால்வாய் எங்கோ ஆந்திரத்துக் காக்கிநாடாவில் கிளம்பி இங்கே வந்துதான் முடிகிறது. தெற்கே கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெயில் ஏறுகிற மாதங்களில் உப்பு விளையும். ஐப்பசி மழை வந்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். தை பிறக்கும் வரை வேலை கிடையாது. அந்த மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் ஏற்பாட்டை மாநில அரசு 2022இல் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு 5,000 எவ்வளவு தூரம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி மாமா பையனாக இருந்த காலத்திலிருந்து உப்பளம்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த பிறகு, அவர் வேலை பார்த்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கையை விரித்துவிட்டார். ஐம்பது வயசில் மாமாவுக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "எனக்கு இன்னா பாப்பா தெரியும்? உப்புதான் தெரியும். பாண்டில ஏதோ அபார்ட்மெண்டாம், வாச்மேன் வேணுமாம். உனக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லி வுடு."

அன்று எங்கள் வீட்டில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் இருந்தார். இறால் குஞ்சுப் பண்ணையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தக் கடற்கரை நெடுக இறால் குஞ்சுப் பண்ணைகள் உண்டு. 2009இல் வனாமி இறாலை வளர்க்க அனுமதி கிடைத்ததிலிருந்து அந்தத் தொழிலுக்கு ஏறுமுகம். அவர் வாச்மேன் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "ஏன் மேஸ்திரி, பாத்தியில உப்பு பூக்குற நேரம். ராத்திரி ரெண்டு மணிக்குத் திடீர்னு மழை பிடிக்குது. இன்னா பண்ணுவ?"

மாமா முகம் மாறிவிட்டது. அரை மணி நேரம் பேசினார். மழைத்தண்ணீர் இலேசு, உப்புத்தண்ணீர் கனம். இரண்டும் உடனே கலந்துவிடாது. காற்று எழும்பிக் கலக்குவதற்குள் ஓடிப்போய் வரப்பில் மேலாக ஒரு வழி வெட்டி, மேலே நிற்கும் நல்ல தண்ணீரை மட்டும் வடிக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் கனத்த தண்ணீரும் சேர்ந்து போய்விடும், பத்து நாள் வெயில் வீண். எந்தப் பாத்தியில் முதலில் வெட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று இருட்டில் முடிவு செய்ய வேண்டும். அடர்த்தி அளக்கும் கருவியில் கடல்தண்ணீர் 3 டிகிரி, மூன்றரை டிகிரி காட்டும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய்ச்சி 25க்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கும். 29, 30 தாண்ட விட்டால் கசப்பு ஏறிவிடும், அந்தத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். "கருவி இன்னாத்துக்கு? கலரப் பாத்தாலே சொல்லிடுவேன்" என்றார்.

உறவுக்காரர் அடுத்த கேள்வியைப் போட்டார். இறால் குஞ்சு வளருவது கடல் அளவு உப்பில். வாங்குகிறவரின் குட்டையில் அதில் பாதிதான் உப்பு. அப்படியே கொண்டுபோய் விட்டால் குஞ்சு செத்துவிடும். பண்ணையிலேயே தண்ணீரின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழக்கி அனுப்ப வேண்டும். "எப்படி எறக்குவ?"

மாமா பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டார். தொட்டி எவ்வளவு பெரிசு? நல்ல தண்ணி போர்த்தண்ணியா, லாரித் தண்ணியா? அந்தப் போரில் உப்பு எவ்வளவு? எத்தனை மணி நேரம் அவகாசம்? குஞ்சு தாங்கலைன்னா எப்படித் தெரியும், மேல வந்து மிதக்குமா, ஓரத்துல ஒதுங்குமா?

எனக்குப் புல்லரித்தது. ஆள் எடுக்கும் நேர்காணலில் பட்டம் வாங்கிய பிள்ளைகளிடம் இப்படி ஒரு எதிர்க்கேள்வி வராதா என்று ஏங்கியிருக்கிறேன். 'உப்புதான் தெரியும்' என்று சொன்ன ஆளுக்குத் தெரிந்திருந்தது, தண்ணீரின் அடர்த்தியைத் தன் விருப்பத்துக்கு ஏற்றவும் இறக்கவும். அதை அவர் ஒரு திறமையாகவே எண்ணியிருக்கவில்லை. தினமும் செய்கிறதை யார் திறமை என்று நினைப்பார்கள்?

அதற்குப் பிறகு சில சாயங்காலங்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். பண்ணையில் டிகிரி கணக்கு கிடையாது, ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்று சொல்வார்கள். கடல்தண்ணீர் அங்கே 35. குளோரின் போடுவது, போட்டதை வெளியேற்றுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் மாமாவுக்குப் புதுசு. பதிவேடு எழுத அவர் மகள் சொல்லிக்கொடுத்தாள். முதலில் ஒரு பண்ணையில் சம்பளம் பேசாமல் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் உறவுக்காரர். போனார். இப்போது தண்ணீர்ப் பிரிவில் வேலை. வாச்மேன் சம்பளத்தை விடக் கூடுதல்தான். ஆனால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். நைட் ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை, தன் வயசில் பாதி உள்ள சூப்பர்வைசர் 'யோவ்' என்று கூப்பிடுகிறான், பார்க்கும்போதெல்லாம் புலம்புகிறார். புலம்பட்டும். வேலையில் இருந்துகொண்டு புலம்புவது எவ்வளவோ தேவலை.

இதே மனிதர் ஒரு வெபினாரில் உட்கார்ந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிரைவிங் கற்றுக்கொள்ளுங்கள், கடை வையுங்கள், கடன் திட்டம் இருக்கிறது. எல்லாமே நல்ல யோசனைகள், எதுவும் அவருக்கானது இல்லை.

உப்பளத்துக்கு வேண்டுமானால் சரி, படித்தவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஆளைச் சொல்கிறேன். அதுல் கவாண்டே. மராட்டிய வம்சாவளியில் வந்த அமெரிக்க அறுவை மருத்துவர், எழுத்தாளரும்கூட. 2011 அக்டோபரில் 'தி நியூயார்க்கர்' இதழில் தன் அனுபவத்தை எழுதினார். எட்டு ஆண்டு அறுவை சிகிச்சை செய்த பிறகு தன் கைத்திறன் மேலே ஏறாமல் அப்படியே நிற்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. டென்னிஸ் வீரர் நடாலுக்கே பயிற்சியாளர் இருக்கும்போது எனக்கு ஏன் இருக்கக் கூடாது என்று யோசித்து, தனக்குப் பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்த, ஓய்வுபெற்ற மருத்துவர் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து அறுவை அறையில் ஓரமாக நிற்க வைத்தார்.

தைராய்டு அறுவை சிகிச்சை. கவாண்டேக்கு எல்லாம் கச்சிதமாக முடிந்த மாதிரிதான் தோன்றியது. ஆஸ்டீன் கையில் ஒரு தாள் நிறைய குறிப்பு. நோயாளி மேல் துணியை விரித்தது கவாண்டேக்கு வசதியாக இருந்தது, எதிர்ப்பக்கம் நின்ற உதவியாளருக்குக் கையை நீட்டவே இடமில்லை. நடுவில் விளக்கு நகர்ந்து அரை மணி நேரம் வெளிச்சம் காயத்தின் மேல் சரியாக விழவே இல்லை, அவர் கவனிக்கவில்லை. முழங்கை அடிக்கடி தோள் உயரத்துக்கு எழும்பியது. அப்படித் தூக்கினால் கை நிதானம் இழக்கும். எல்லாமே சின்னச் சின்ன விஷயம். எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது, ஏனென்றால் அவை அந்த ஒரு மனிதரின் கையைப் பற்றியவை. கோச் வந்த பிறகு தன் நோயாளிகளுக்குச் சிக்கல்கள் குறைந்தன என்று கவாண்டே எழுதினார். தற்செயலாகவும் இருக்கலாம் என்று நேர்மையாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

அதே கட்டுரையில் பள்ளி ஆசிரியர்கள் பற்றி ஓர் ஆய்வு வருகிறது. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் நடந்தது. பயிலரங்குக்குப் போய் வந்த ஆசிரியர்களில் புதிதாகக் கற்றதை வகுப்பறையில் பயன்படுத்தியது 10 சதவீதம் அளவுக்குத்தான். செய்முறைப் பயிற்சி சேர்த்தும் 20ஐத் தொடவில்லை. வகுப்பறைக்கே ஒருவர் வந்து உடனிருந்து பார்த்துச் சொன்னபோது 90 சதவீதத்தைத் தாண்டியது. கம்பெனிகள் வருஷா வருஷம் ரிசார்ட்டில் நடத்தும் பயிற்சி முகாம்களுக்குப் பில் பாஸ் செய்தவள் என்ற முறையில் இந்த எண்களைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

நம்மூர் உதாரணம்தான் வேண்டும் என்றால் விஸ்வநாதன் ஆனந்த். 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு உலக சதுரங்க சாம்பியன் போட்டி ஆடினார். வயசு 38, ஏற்கெனவே சாம்பியன். அப்போதும் நீல்சன், காசிம்ஜானோவ், வோய்தாசெக், சூர்ய சேகர் கங்குலி என்று நான்கு பேர் கொண்ட குழுவோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, தன் வாழ்நாள் பழக்கத்துக்கு மாறாக ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தித் தொடங்குவது என்று முடிவு செய்தார். கிராம்னிக் எதிர்பார்க்கவில்லை. ஆறரைக்கு நாலரை என்று ஆனந்த் ஜெயித்தார். உலக சாம்பியனுக்கு வராத வெட்கம் நமக்கு ஏன் வர வேண்டும்?

வருகிறது, வாஸ்தவம். மேனேஜர் என்று பத்து வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லியே பழகிய வாய்க்கு, 'எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை' என்று சொல்ல வராது. மனைவியிடமோ கணவனிடமோ சொன்னால் வீட்டில் பயம் வரும். நண்பரிடம் சொன்னால் அடுத்த வாரம் ஊருக்கே தெரியும். சம்பளம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு கேட்கும் ஒரு அந்நியர் அந்த இடத்தில் பெரிய உபகாரம். காசு கொடுத்துப் பேசுவதில் ஒரு விடுதலை இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒருவர். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு உதிரிபாகக் கம்பெனி, ஆர்டர் குறைந்து இழுத்து மூடினார்கள். ரெஸ்யூமேயில் எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதியிருந்தார்: தரத்துக்குப் பொறுப்பு, குழுவை வழிநடத்தினேன், இத்யாதி. மாதக்கணக்கில் ஒரு அழைப்பும் இல்லை. பிறகு ஒரு கோச்சிடம் போனார். அந்தப் பெண்மணி ரெஸ்யூமேயைத் தொடவே இல்லையாம். கடைசி ஐந்து வருஷ டைரிகளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எந்த நாளில் எங்கே இருந்தார் என்று புரட்டிப் பார்த்ததில், மனிதர் பாதி நாள் தன் கம்பெனியிலேயே இல்லை. அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் இருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில் இருந்திருக்கிறார். பத்து பேர், பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடங்கள். வாகனத் துறைத் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 தணிக்கைக்கு அவர்களைத் தயார் செய்வது, எந்தக் கோப்பில் என்ன எழுதுவது என்று முதலாளியின் மச்சானுக்குச் சொல்லிக்கொடுப்பது. கம்பெனி அமைப்பு வரைபடத்தில் அந்த வேலைக்குப் பெயரே கிடையாது.

இன்று அதுதான் அவருக்குத் தொழில். உடனே கடை விரித்துவிடவில்லை. கோச் சொன்னபடி முதலில் சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு பட்டறைக்குப் போய்ப் பார்த்தார். ஹெர்மினியா இபாரா என்ற பேராசிரியர் 2003இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்துகிறார். நடுவயசில் தொழில் மாறுகிறவர்கள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்துவிட்டு மாறுவதில்லை. சின்ன அளவில் செய்து பார்த்து, செய்ததிலிருந்து தாங்கள் யார் என்று கண்டுகொள்கிறார்கள். மேஸ்திரி மாமா ஒரு வாரம் பண்ணைக்குப் போய்ப் பார்த்ததும் இதே கணக்குதான்.

பொறியாளருக்கு முதல் வேலை யார் மூலம் வந்தது தெரியுமா? நெருங்கிய நண்பர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி வைத்திருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஆறேழு வருஷம் பேசாமல் இருந்த ஒரு பட்டறைக்காரருக்குக் கோச் வற்புறுத்தியதால் போன் போட்டார்; அங்கிருந்து வந்தது. இதுவும் ஆச்சரியமில்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், பழக்கத்தின் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டபோது, தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திக்கிறவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6, அபூர்வமாகச் சந்திப்பவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. தூரத்தில் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத உலகம் தெரியும். இருபது வருஷ சர்வீஸ்காரரின் பழைய போன் புத்தகம் புது ஆளுக்குக் கிடைக்காத சொத்து. ஆனால் ஆறு வருஷம் கழித்து 'எப்படி இருக்கீங்க' என்று போன் போட யாராவது முதுகில் தள்ள வேண்டும்.

இனி வயிற்றெரிச்சல் பக்கம். இந்தியாவில் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டாம். நேற்று வேலை போனவர் இன்று வேலை தேடுவது எப்படி என்று கோச்சிங் தருகிறார். ஐ.சி.எஃப். என்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு 1995இலிருந்து இருக்கிறது. அதன் தொடக்கநிலைச் சான்றிதழுக்கே ஆட்களோடு 100 மணி நேரம் பயிற்சி தந்திருக்க வேண்டும், அடுத்த நிலைக்கு 500, உச்சநிலைக்கு 2,500. சான்றிதழ் இருந்தால் ஆள் கொஞ்சம் உழைத்திருக்கிறார் என்று தெரியும். உங்கள் தொழிலை அவர் புரிந்துகொள்வார் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. எங்கள் உறவுக்காரரிடம் ஒரு சான்றிதழும் கிடையாது. ஆனால் இறால் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் நடுவே எங்கே பாலம் போடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலை வாங்கித் தருகிறேன் என்கிற கோச்சிடம் போகாதீர்கள். அவர் கோச் இல்லை, தரகர். தரகராக இருந்தால் காசு கம்பெனியிடம் வாங்கட்டும். முதல் நாளே எழுபது கேள்விகள் கொண்ட தேர்வு வைத்து, உங்களை நான்கு எழுத்துக்குள் அடைத்துக் கையில் கொடுப்பவரிடமும் சூதானமாக இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வங்கி அதிகாரி அப்படி ஒரு தேர்வுக்குப் பெரிய தொகை கட்டி, தான் உள்முக சுபாவம் உள்ளவர் என்று தெரிந்துகொண்டு வந்தார். அவர் மாமியார் அதை இலவசமாகவே சொல்லியிருப்பார். உங்கள் கம்பெனியே கோச்சுக்குப் பணம் கட்டுகிறது என்றால், நீங்கள் பேசுவது யார் மேசைக்குப் போகும் என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள், அதனால் சொல்கிறேன்.

கோச்சால் ஆகாதவையும் உண்டு. வயசைப் பார்த்து ரெஸ்யூமேயை ஒதுக்குகிற கம்பெனியைக் கோச் திருத்த முடியாது. மூடிய ஆலையைத் திறக்க முடியாது. 'உன் மனநிலைதான் பிரச்சினை' என்று சொல்லி, ஆள் குறைத்த கம்பெனியின் பாவத்தை ஆளின் தலையிலேயே கட்டும் கோச்சுகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நஷ்டஈடு, நோட்டீஸ் காலம், பி.எஃப். இவையெல்லாம் தொழிற்சங்கத்திடமோ வக்கீலிடமோ போக வேண்டிய விஷயங்கள். அதை முடித்துக்கொண்டு கோச்சிடம் போங்கள்.

அப்புறம், இதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு. உப்பளத்தில் விடியுமுன்னே பாத்தியில் இறங்கி உப்பு வாரி, வெயில் ஏறும்வரை தலையில் சுமக்கும் பெண்களுக்கு யார் கோச்? கால் வெடித்து, கண் கூசி, நாற்பத்தைந்தில் உடம்பு தளரும்போது அவர்கள் அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் கிடையாது. மேஸ்திரி மாமாவுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையும் ஒரு விருந்தாளியும் வாய்த்தது தற்செயல். விழுப்புரத்திலும் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று ஒன்று இருக்கிறது. பெயரிலேயே வழிகாட்டுதல் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அங்கே நாற்பதைக் கடந்தவர்களுக்கென்று ஒதுக்கி, அந்த மாவட்டத்துத் தொழில்கள் தெரிந்த ஓய்வுபெற்றவர்களை உட்கார வைத்தால் அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. மையத்துக்கோ ஆட்சியர் குறைதீர் நாளுக்கோ போகிறவர்கள் இதை ஒரு மனுவாகக் கொடுங்கள். நானும் கொடுக்கப் போகிறேன்.

கடைசியாக, அந்த அம்பதாயிரம். கட்டும் முன் ஒரு சந்திப்பை இலவசமாகக் கேளுங்கள். நல்ல கோச்சுகள் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பேசினீர்கள் என்று கவனியுங்கள். அவர்தான் பேசினார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்களே பேசி, இதுவரை யாரும் கேட்காத ஒன்றை உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தீர்கள் என்றால், தவணையிலாவது கட்டிவிடுங்கள்.